நல்ல தண்ணீர்

டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளினான்.

விரல் நகம் அளவுகூட இல்லாத சிவப்பு இறால்கள். குழம்புக்கு வாங்குகிற ஜாதி இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற ஜாதி. நேற்று சாயங்காலம்வரை பாசியைக் கொறித்துக்கொண்டு திரிந்தவை, மணலில் ஒருக்களித்துக் கிடந்தன.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் செம்புக் குடம். நேற்று அதை அவன் கவனிக்கவில்லை.

இப்போது பார்த்ததும் விளங்கிவிட்டது.

இறால் வளர்ப்பில் அவன் கற்றுக்குட்டிதான். தொட்டி வாங்கிய அன்றே இறாலையும் கேட்டு, கடைக்கார ஜெபராஜிடம் திட்டு வாங்கியவன். முதலில் மண் போட வேண்டும். அப்புறம் செடி. அப்புறம் வெறும் தண்ணீர். அது இறால் வாழத் தோதாகப் பழுக்கிறவரை பொறுக்க வேண்டும். வாரக்கணக்கில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை. மனைவிக்காகத் தொட்டி வைப்பதாக எல்லோரிடமும் சொன்னான். பொய். அவனுக்குத்தான் உயிருள்ள எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

தொப்புள்கொடி சுற்றிக்கொண்டது என்றார் டாக்டர். யார் தப்பும் இல்லை என்றார். அவனும் பக்கத்தில் நின்று கேட்டான்.

அவள் நம்பவில்லை. மாடிப்படி ஏறினேனே, பைக்கில் வந்தேனே, அன்றைக்கு மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டேனே என்று தேடித் தேடித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவன் வாய் வலித்தது. கொஞ்ச நாளாகத்தான் கேட்பதை நிறுத்தியிருந்தாள். நம்பத் தொடங்கிவிட்டாள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

நேற்று அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள். தொட்டியில் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததாம். இந்த வெயில் குடித்துவிட்டதாம். பாவம் என்று அவளே ஊற்றி நிரப்பினாளாம்.

அந்த வீட்டில் அவளாக எழுந்து ஒரு காரியம் செய்து மாதங்களாகியிருந்தன. சொல்லும்போது சிரித்தாள். எந்தத் தண்ணீர் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

இருப்பதிலேயே நல்ல தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறாள். அவள் அம்மா கொடுத்த குடம். ராத்திரியெல்லாம் செம்பில் ஊறிய தண்ணீர். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெருமையாக மொண்டு கொடுப்பது.

குடத்தை அவசரமாகச் சமையலறைக்கு எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது அவள் தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

"நான் ஊத்துன தண்ணியாலயா?"

"சேச்சே. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சுபா. கடைக்காரன் நோஞ்சானாப் பாத்து நம்ம தலையில கட்டிட்டான்."

அழப்போகிறாள் என்று பயந்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது.

கடை திறக்கிற நேரம்வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். நம்மைப் பார்த்தால் இளிச்சவாயர்கள் மாதிரி இருக்கிறதா, இவனைச் சும்மா விடக் கூடாது என்று பாத்திரங்களை உருட்டினாள். காய்கறிக்காரரிடம் அழுகிய தக்காளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற பழைய சுபா. ஜெபராஜ் பாவம்தான். ஒரு திட்டு வாங்கிக்கொள்ளட்டும், பிறகு நேரில் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

நம்பரை அவனே போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிக் கொடுத்தான்.

சாகப்போறதையா விப்பீங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா என்று பிடித்தாள். ஜெபராஜ் அவள் மூச்சு வாங்கும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"கொசு மருந்து எதாச்சும் அடிச்சீங்களாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"தண்ணி மாத்துனீங்களா?"

பக்கத்தில் நின்றவன் எட்டிப் போனை வாங்கப் பார்த்தான். அவள் தோளால் தடுத்தாள்.

"கொறஞ்சிருந்துச்சு, ஊத்துனேன். நாங்க குடிக்கிற தண்ணிதான். செம்புக் குடத்துல வச்சது."

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ அக்கா. காப்பர் பட்டாலே இறாலுக்கு ஆகாதுக்கா. சார்கிட்ட மொத நாளே படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேனே."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். ஜெபராஜ் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் போனை எடுத்து அணைத்தான்.

தொட்டியில் மோட்டார் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சையாகத்தான் இருந்தன.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.



அவள் கோபமெல்லாம் போயிருந்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான சொன்னீங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு."

"அது நிஜம் சுபா."

காலையில் சொன்ன அதே குரலில்தான் சொன்னான்.