நடுப் போன்

"உங்கப்பாவ அசையாம நிக்கச் சொல்லு."

மொட்டைமாடி வாசலில் போனைக் காதில் வைத்தபடி அம்மா கத்தினாள்.

"நான் அசையவே இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." அந்தக் கட்டடத்துக்குப் பம்பும் ஜெனரேட்டரும் பார்க்கும் அப்பா, பேஸ்மென்ட்டிலிருந்து பதில் கொடுத்தார்.

இரண்டாம் மாடிப் படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகளுக்கு எரிச்சலாக வந்தது. படிக்கட்டு வழியே ஒருவர் கத்துவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கிறது. இருந்தும் பன்னிரண்டு நாளாக எல்லாம் இவள் வழியாகத்தான் போகிறது. அம்மாவின் தையல் மெஷின் மோட்டாரைக் கேட்காமல் கழற்றி, பேஸ்மென்ட் காற்றாடிக்கு மாட்டிவிட்டார் அப்பா. அதில் வந்த சண்டை. திங்கட்கிழமை இவள் வேலையில் சேர வெளியூர் போகிறாள். அப்புறம் இந்த இரண்டு பேருக்கும் யார் தூது போவது?

"கேளுங்க. நான் எழுதின ஆப்பத்தான் டெஸ்ட் பண்றோம். டவர் சிக்னல் பேஸ்மென்ட்டுக்கு வராது. அம்மா போன் அதப் பிடிச்சு என் பையில இருக்கிற நடுப் போனுக்குத் தள்ளும். நடுப் போன் அப்பா போனுக்குத் தள்ளும். சித்தாளுங்க செங்கல்லக் கைமாத்துற மாதிரி. புரியுதா?"

"உங்கப்பாவுக்குக் கேக்குதான்னு கேளு."

"போன்ல ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு."

"தூரம் ஜாஸ்தி. அம்மா, பத்துப் படி இறங்கு. அப்பா, பத்துப் படி ஏறுங்க."

இறங்கினாள். ஏறினார். கேட்கவில்லை.

"இன்னும் பத்து."

"இதுக்கா நாலு வருஷம் படிச்ச? நான் வாயாலயே சொல்லியிருப்பேன்," என்றார் அப்பா.

"யாரு வேணாம்னா?" வெடுக்கென்று சொன்னாள் மகள். "ஏறுங்க."

கடைசியில் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"போனத் தலைகீழாப் பிடிச்சா எப்படிக் கேக்கும்?" அம்மா நேராக அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

மகள் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா போனைத் திருப்பிப் பிடித்தார். "மோட்டாரக் கழட்டிட்டேன்னு அன்னிக்கே சொல்லி அனுப்பினேனே. இன்னும் என்ன கோவம்?"

"எம் மெஷின்லேருந்து கழட்டுனத என்ன திமிரா சொல்லி அனுப்புறாருன்னு நெனச்சேன்."

"காத்தாடியிலேருந்துடி. உனக்குத் திருப்பி மாட்டத்தான்."

இருவரும் மகளை முறைத்தார்கள்.

"நடுவுல ஆள் வெச்சா நாலு வார்த்தை கீழ விழத்தான் செய்யும்," என்றாள் அவள்.

"ஸ்க்ரூவாவது பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா சட்டைப்பையைத் தட்டினார். "பன்னெண்டு நாளா இங்கதான் இருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு ஏறினார்கள். வளைவில் அப்பா திரும்பினார்.

"ஆமா, உன் டெஸ்ட் என்னாச்சு?"

"பாஸ்ப்பா."

அவர்கள் தலை மறைந்ததும், இனி நிஜமான டெஸ்ட்டைச் செய்து பார்க்கலாமென்று, காலையிலேயே அணைத்துவைத்திருந்த நடுப் போனைப் பையிலிருந்து எடுத்து ஆன் செய்தாள்.