நாலாம் நம்பர்

"பாவி, இன்னிக்கும் விட்டுட்டியே!"

எழில்மொழி மேசையில் அடித்த சத்தம் கீழே அடுப்படி வரை கேட்டது.

"மாடியில யாருடி? யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்று அம்மா அமிர்தம் குரல் கொடுத்தாள்.

"யாருமில்லம்மா. வேலைதான்."

வேலைதான். இங்கிலாந்தில் நான்காவது டிவிஷனில் ஆடும் ஒரு சின்ன ஊர் கால்பந்து அணி. அதன் ஆட்டம் ஒவ்வொன்றையும் நீடாமங்கலத்தில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்க்க வேண்டும். யார் பந்தைச் சரியாகக் கொடுத்தார், யார் கோட்டைவிட்டார் என்று விநாடிக்கு விநாடி பதிய வேண்டும். அவளுடைய ரிப்போர்ட் தஞ்சாவூர் கம்பெனி வழியாக அந்த கிளப்புக்குப் போகும்.

ஆகஸ்டில் தொடங்கிய சீசனுக்கு இன்று நாற்பத்தாறாவது ஆட்டம், கடைசி ஆட்டம். கூடப் படித்தவளின் கல்யாணம், வேளாங்கண்ணிக் கொடியேற்றம், சித்தி வீட்டுக் காதுகுத்து எதற்கும் அவள் போகவில்லை. எல்லாம் ஆட்டமுள்ள நாளாகப் பார்த்து வந்தன.

ஜனவரியில் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அதற்கும் போக முடியவில்லை. கம்பெனியோடு மூன்று வருட ஒப்பந்தம், இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையும் கம்பெனி பீரோவில் இருந்தன. நேரில் போய்க் கேட்டுப் பார்த்தாள்.

"உங்கள மாதிரி தப்பில்லாம செய்யறவங்கள எப்படிம்மா விடுறது?" என்று சிரித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது, பஸ் போய்விட்டது. எழில்மொழி மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

அந்த அணியின் நாலாம் நம்பர் தடுப்பாட்டக்காரர், முப்பத்துமூன்று வயது. போன சீசனில் அவரைத் தாண்டி ஒரு பந்து போகாது. இந்த சீசனில் காலடிக்கு வரும் பந்தையே எதிராளிக்குத் தள்ளிவிட்டார். வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தாள்.

பிப்ரவரியில் சூப்பர்வைசர் துரைராசு ஒரு செய்தி சொன்னார். "கிளப்ப வாங்கியிருக்கிற புது முதலாளிங்க ஆட்டத்தப் பாக்கறதே இல்லம்மா. நம்ம ரிப்போர்ட்டத்தான் பாக்கறாங்க. சீசன் முடிஞ்சதும் அதுல சரியான பாஸ் நம்பர் கொறஞ்சவங்கள அனுப்பிடுவாங்களாம்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவதென்றால் என்னவென்று அவள் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். அரிசி ஆலையை மூடிய வருடம் அப்பா தங்கையன் ஆறு மாதம் வாசலைத் தாண்டவில்லை. யாராவது கூப்பிட்டால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

அடுத்த ஆட்டத்திலிருந்து எழில்மொழி பொய் எழுத ஆரம்பித்தாள். நாலாம் நம்பர் கோட்டைவிட்ட பந்துகளில் ஏழெட்டைச் 'சரியான பாஸ்' என்று பதிந்தாள். கண்டுபிடித்தால் வேலையும் போகும், கேஸும் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானை அழுத்துமுன் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அழுத்தினாள்.

இன்றும் எழுபதாவது நிமிடத்தில் ஆளை மாற்றும் பலகையில் நான்கு என்ற எண் எரிந்தது. மற்றவர்கள் என்றால் தயங்கித் தயங்கி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். இவர் எப்போதும்போல் ஓடியே வந்துவிட்டார். அவமானத்தில் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அணி டிராவில் தப்பித்தது, ஐந்தாவது டிவிஷனுக்கு இறங்கவில்லை. எழில்மொழி மேலும் இரண்டு பொய்களைச் சேர்த்து ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. துரைராசு.

"எழில்மொழி, அந்த நாலாம் நம்பர் விஷயமா பேசணும்."

கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது. "சொல்லுங்க சார்."

"நம்ம ரிப்போர்ட்ட அவங்க வரிவரியா படிச்சிருக்காங்க."

"சார், அது வந்து..."

"எதுக்கு பதர்றீங்க? நல்ல சேதிதான். அவரோட அக்ரிமென்ட்ட இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க. பதினோரு பேர வெளிய அனுப்பினவங்க இவர மட்டும் விடல. முழுக்க உங்க நம்பர வச்சு எடுத்த முடிவாம். கம்பெனிக்குப் பாராட்டி மெயில் போட்டிருக்காங்க."

எழில்மொழி அப்படியே மொட்டைமாடிக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. இந்த மாடியிலிருந்து அவளால் வெளியே போக முடியாவிட்டால் என்ன, எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதன் இன்று நிம்மதியாகச் சாப்பிடுவான்.

"அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்ல சார்?"

"அதாம்மா எனக்கும் புரியல. அந்த ஊர் பேப்பர்ல போட்டிருக்கான். அவரு சம்சாரம் முடியாம கெடக்காங்களாம், கடலுக்கு அந்தாண்ட அவங்க ஊர்ல. நடுவுல விட்டுட்டுப் போனா கேஸ் போடுவோம்னுட்டாங்களாம் கிளப்புல. அக்ரிமென்ட்ட நீட்டறதும் கிளப் இஷ்டந்தானாம், அவரு கையெழுத்தே வேண்டாமாம்."

"அப்ப...?"

"என்னை விட்டுடுங்கன்னு வருஷம் பூரா கெஞ்சினதே அவருதானாம்."