பாதி வில்

அற்புதமணி வயலின் வில்லை அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சாக இழுத்தாள்.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் தேவபிரசாதம் நின்றுவிட்டார். அவருடைய வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தேவாலயத்தின் பாடகர்குழு மாடியில், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கான ஒத்திகை. முதல் வயலின்காரரான அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நான்கு வயலின்கள். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாவது ஞாயிற்றுக்கிழமை தானே வாசிப்பதாகக் கொயர் மாஸ்டரிடம் சொல்லத்தான் அவர் ஏறி வந்தார்.

இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். இந்தச் சத்தத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

நாதம் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. ஒரு தந்தி அறுந்தால் என்ன என்று நினைத்தார். ஆலயத்துக்குள் நிற்கிறோம் என்பதும் நினைவு வந்தது. ஆனாலும் நினைத்ததை வாபஸ் வாங்கவில்லை.

அவர் போட்ட சட்டத்தை மீறி அல்லவா வாசிக்கிறாள்.

துறைமுகச் சாலையில் உப்பு லாரி ஒழுகவிட்ட தண்ணீரில் பைக் சறுக்கி அவர் தோளில் அடிபட்டது பல வருஷங்களுக்கு முன்னால். வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கை பாதி தூரத்துக்கு மேல் நீளாது.

ஆனால் குழுவில் வில்கள் எல்லாம் ஒன்றுபோலப் போய் வரவேண்டும். ஒருவருடையது மட்டும் நடுவில் நின்றால் கீழே இருக்கும் சபைக்கே தெரிந்துபோகும்.

அதனால்தான் அந்தச் சட்டம். வெளியே சொன்ன காரணம் வேறு.

"நமக்கு உப்புக்காத்து கேட்டியளா. வில்லு முடி தொய்ஞ்சிரும். யாரும் பாதிக்கு மேல இழுக்கப்பிடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியது அற்புதமணி. மற்ற சபைக்காரர்கள் கேலி செய்தபோதும் ஒருவரும் மீறியதில்லை. தன் வார்த்தைக்கு அத்தனை மதிப்பு என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

போன வாரம் ஆராதனை நடுவே கை மரத்துப்போய், வில் நழுவிக் கீழே சபைக்குள் விழுந்தது. பாரம் தூக்கியதில் தோள் புதிதாகப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவைத்தார்.

பாட்டு முடிந்தது. கீபோர்டில் இருந்த பெனிஸ்டன் திரும்பினான்.

"என்னக்கா, இன்னைக்கு உப்புக்காத்து லீவா?"

வயலின்காரர்கள் சிரித்தார்கள். அற்புதமணியும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். படியில் நின்றவரைப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியது.

"வாங்கண்ணாச்சி" என்று நாற்காலியைவிட்டு எழப்போனாள். அவர் இடது கையால் உட்காரச் சொன்னார்.

கொயர் மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

அற்புதமணி தந்தியில் வில்லை வைத்தாள். இழுத்தாள். நடுவில் நிறுத்தித் திருப்பினாள்.

பின்னால் நான்கு வில்களும் அதே இடத்தில் நின்று திரும்பின.

அவள் யாருக்கும் கண்ஜாடை காட்டவில்லை. யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. பழகிய வேலை.

தேவபிரசாதம் அந்த ஐந்து மணிக்கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கைக்காகத்தான் இத்தனை வருஷமும் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்; உப்புக்காற்றை யாரும் நம்பியதில்லை.

சொல்ல வந்ததைக் கொயர் மாஸ்டரிடம் சொல்லவில்லை. திரும்பி, மேலே நன்றாகக் கேட்கும்படி, மரப்படிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மிதித்து இறங்கினார். தான் போய்விட்டது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

படியடியில் இருந்த கதவை இடது கையால் ஓங்கிச் சாத்தினார்.

சாத்திவிட்டு, வெளியே போகாமல், மேலே காதைக் கொடுத்து உள்ளேயே நின்றார்.