முன்வீல் முந்தணும்

நாவலூரில் இன்னும் ஒரு வீடும் எழும்பாத மனைப்பிரிவு. அதன் நடுவே ஓடும் அகலமான தார்ச்சாலையில், ஞாயிற்றுக்கிழமை இளவெயிலில், ஜமீரும் ஜோசலினும் சேர்ந்து கட்டிய கூரையில்லாத கார் குறுக்காகத் திரும்பி நிற்கிறது. சற்றுமுன் அவள் பிரேக் போட்டதும் பின்பக்கம் வீசியடித்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஜமீர் இறங்கி ஓரமாக நிற்கிறான். வெல்டிங் அவன் வேலை, பிரேக் அவளுடையது. அவளோ முகத்தில் விழும் முடியை ஊதித் தள்ளியபடி, பெடலுக்கு அடியில் தலையை விட்டு, ஸ்பேனரால் ஒரு திருகை அரைச் சுற்று திருப்புகிறாள். "பின்வீல் முதல்ல ஜாம் ஆகுது, அதாண்டா சுத்துது. முன்வீல் துளி முந்தணும். இப்ப முந்தும், பாரு." "முந்தலைன்னா?" "ஏறி உக்காரு, தெரிஞ்சிடும்." "ஆளை விடும்மா. நீயாவது ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கோ." சிரித்துக்கொண்டே கிளம்புகிறாள். சாலைக் கோடியில் திரும்பிய கார் சீறிக்கொண்டு வருகிறது. அவனைத் தாண்டும்போது டயர் கிறீச்சிடுகிறது. முன்வீல்கள் இறுகுகின்றன, மறுகணம் பின்வீல்கள். கருகிய ரப்பர் வாசத்துக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல் நேராக வழுக்கிப்போய் நிற்கிறது கார். ஜமீர் அப்போதுதான் பார்க்கிறான்: ஸ்டீயரிங்கில் கையே இல்லை. ஜோசலினுடைய இரண்டு கைகளும் பின்கழுத்தில் கொண்டை முடிந்துகொண்டிருக்கின்றன.