பாலன் எழுதிய பாதை

"சிவப்புப் பட்டனிலை இருந்து கையை எடுங்கோ, கிளெமென்ற் அண்ணை."

மெஷினை நிறுத்தும் அந்தப் பட்டனிலிருந்து கிளெமென்ற் கையை எடுக்கவில்லை. இரத்மலானைப் பட்டறையில் இருபது வருடமாக உருக்கு வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். சேலை கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணா அவருக்குச் சொல்லித் தருவது?

"தங்கச்சி, உருக்குக் கட்டிய மெதுவா, தட்டுத் தட்டா இறங்கித்தான் குடையணும். ஆறு மணித்தியாலம் பிடிக்கும். உங்க தம்பி என்ன எழுதியிருக்கான்? எடுத்த எடுப்பில வெட்டுற கட்டர அடிவரைக்கும் இறக்கி, அதுவும் பேய் வேகத்தில! உடைஞ்சா வேற கட்டர் சிங்கப்பூர்ல இருந்துதான் வரணும்."

"ஆழமா இறங்கினாலும் பக்கத்திலை மெல்லிசாத்தான் கடிக்கும். மூலையிலை முட்டாமல் வளைஞ்சு வளைஞ்சு போகும். கட்டருக்கு எப்பவும் ஒரே பாரம். அதாலைதான் அந்த வேகம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எண்டு தம்பி சொல்லுறவன்" என்றாள்.

கட்டர் போக வேண்டிய பாதையைக் கம்பியூட்டரில் எழுதிக் கொடுக்கும் பட்டறையின் புரோகிராமர், தம்பி பாலசுந்தரம்தான். எட்டு நாளுக்கு முன் வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பொலிஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது. வேலையிடத்துக் கடிதம் காட்டினால் விடுவார்களாம். அந்தக் கடிதத்துக்காக அக்கா நாகேஸ்வரி மூன்று நாள் வாசலில் வந்து நின்றாள். முதலாளி ராசிக் மசியவில்லை.

"உள்ளுக்கு இருக்கிறவனுக்குக் கடிதம் குடுத்து எனக்கென்ன லாபம்? வெள்ளிக்கிழமை சவர்க்காரப் பெட்டி அச்சுக் குடுக்கணும். வேற ஆள் தேடுறேன்."

"அச்சு வெட்டினால் கடிதம் தருவீங்களோ?"

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே பென் டிரைவோடு வந்துவிட்டாள். தம்பி எழுதி வைத்துவிட்டுப் போனதாம்.

"ஓட விடு, கிளெமென்ற்" என்றார் ராசிக். "கட்டர் உடைஞ்சா கடிதமும் இல்ல, அவனுக்கு இங்க வேலையும் இல்ல."

கட்டர் இறங்கியது. சத்தம் உச்சத்துக்குப் போனது. கிளெமென்றின் கை தானாகச் சிவப்புப் பட்டனை நோக்கிப் போனது. அதற்குள் நாகேஸ்வரியின் உள்ளங்கை பட்டனை மூடிவிட்டது.

"உடையட்டும். அதுக்கு முந்தி நிப்பாட்ட விடமாட்டன்."

உடையவில்லை. அதிர்வு அடங்கி, தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடத் தொடங்கியது. நீலம் பாய்ந்த ஊசிச் சீவல்கள் கதவுக் கண்ணாடியில் சடசடவென்று அடித்தன. இரண்டேகால் மணித்தியாலத்தில் அச்சின் வயிறு குடைந்து முடிந்தது. கிளெமென்ற் கட்டரைக் கழற்றி விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு சின்ன உடைவும் இல்லை.

"என்னா மூளைடா இவனுக்கு!" என்றார் ராசிக். கடிதத்தைத் தன் கையாலேயே சிங்களத்தில் எழுதினார்: பாலசுந்தரம் இல்லாமல் எங்கள் இயந்திரம் ஓடாது. கையெழுத்து, முத்திரை இரண்டும் விழுந்தன.

வாசல் கேற்றடியில் கிளெமென்ற் ஓடிவந்து அவளைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி. தம்பி வந்தோடன இந்தப் படத்தக் குடுங்க. அடுத்த அச்சு. இண்டைக்குக் காலையிலதான் வந்திச்சு."

அவள் படத்தை அங்கேயே விரித்தாள். ஒரு மூலையில் விரலை வைத்தாள்.

"இதுக்குள்ளை பெரிய கட்டர் போகாது. சின்னன் ஒண்டு எடுத்து வையுங்கோ. நாளைக்குப் பின்னேரம் எழுதிக்கொண்டு வாறன்."

"நீங்களா? அப்ப பாலன்?"

"அவன் படத்தை வீட்டுக்குக் கொண்டு வருவான், நான் எழுதி முடிச்சால் விடிய இங்கை எடுத்துக்கொண்டு வருவான்." அவள் கடிதத்தைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். "முதலே சொல்லியிருந்தால், அவன் இல்லாமல் மெஷின் ஓடாது எண்டு முதலாளி எழுதித் தந்திருப்பாரோ?"