தூக்க மருந்து குறையும்போது

சாயங்கால வெயில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடியைத் தாண்டி, இதய அறுவை முடிந்து படுத்திருக்கும் பேருந்து ஓட்டுநரின் கால்மாட்டில் விழுகிறது. வாயில் சுவாசக் குழாய். காலையில் தூக்க மருந்தைக் குறைத்தபோது அவர் அந்தக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ரத்த அழுத்தம் எகிறியது. மறுபடி தூங்க வைத்தார்கள். இப்போது நர்ஸ் மீண்டும் மருந்தைக் குறைக்கிறாள். "திரும்பவும் அப்படித் துடிச்சாருன்னா?" என்கிறாள் மனைவி. "தூங்குனா இதயத்துக்கு ஓய்வுதாம்மா. ஆனா ரொம்பத் தூங்க வச்சா, தானா மூச்சு விட லேட்டாகும். முழிச்சதும் ஆள் அடையாளம் தெரியாம குழம்பிடவும் செய்வாங்க." ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அவருடைய இடது உள்ளங்கைக்குள் மனைவி தன் விரல்களை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இயந்திரம் அவருக்காக மூச்சை இழுத்து விடுகிறது. இமைகள் அசைகின்றன. திறந்த கண்கள் அவளைத் தாண்டிக் கூரையில் எதையோ தேடுகின்றன. "ஐயா, என் கையை அழுத்துங்க பாப்போம்," என்கிறாள் மறுபக்கம் அவருடைய வலது கையைப் பிடித்து நிற்கும் நர்ஸ். அவர் அழுத்துகிறார். நர்ஸின் முகம் மலர்கிறது. மனைவியின் விரல்கள் மட்டும், மூடாத அந்த உள்ளங்கைக்குள் அப்படியே கிடக்கின்றன. அவள் குனிந்து அவர் காதருகே மெல்லச் சொல்கிறாள்: "இந்தப் பக்கம் நானும் நிக்கிறேங்க."