தண்ணீர் குடித்த கார்

“குடம் குடமா ஊத்திட்டோம், தரையில ஒரு சொட்டு இல்ல. எங்கய்யா போவுது தண்ணி?”

மாப்பிள்ளையின் அப்பா லோகநாதன் போட்ட கூச்சலில் நூம்பல் ஊரே வீரராகவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீடுதான், நான் முன்பே வந்திருந்தேன்.

“வெயிலு சம்பந்தி, வெயிலு. நமக்கே தாகம் எடுக்கல?” என்றார் வீரராகவன்.

பட்டணத்துத் துரை ஒருவர் ஊரெல்லாம் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற கார். மகள் தாட்சாயிணிக்குச் சீதனம். நிச்சயத்துக்கு வந்த லோகநாதன் அதில் பூந்தமல்லி வரை போய்ப் பார்த்திருக்கிறார். போகும்போதும் கொதித்தது, வரும்போதும் கொதித்தது.

“வண்டி தேறலன்னா கல்யாணமும் இல்ல.” துண்டை உதறித் தோளில் போட்டார்.

பூந்தமல்லி பஸ் ஷெட்டில் வேலை செய்யும் உலகநாதனுக்கு ஆள் போயிற்று. வீரராகவனின் தங்கை மகன்தான். கூலி கேட்க மாட்டான்.

அவன் காருக்கு அடியில் படுத்தான். ரப்பர் குழாய்களைத் தடவினான். எல்லாம் காய்ந்து கிடந்தன. இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் பம்பையே சற்று நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தாட்சாயிணி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி தட்டிலேயே சிந்தியது. கல்யாணம் நின்றுவிடுமோ என்கிற பயம், வேறென்ன?

உலகநாதன் ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு இன்ஜினுக்குள் குனிந்தான். நிமிர்ந்தபோது கையில் எண்ணெய் அளக்கும் கம்பி. கறுப்பாக இருக்கவேண்டிய நுனி வெளுத்துத் திரிந்திருந்தது.

“உள்ளாறயே ஒழுகுது மாமா. தண்ணி எண்ணெயில கலந்துகினு கீது. இன்ஜின்லயே வெடிப்பு உட்டிருக்கு. இனிமே தேறாது.”

லோகநாதன் கம்பியைப் பார்த்தார். வெற்றிலைத் தட்டைத் திருப்பி வைத்தார். மாட்டுவண்டி ஏறினார்.

வீரராகவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சிதறிக் கிடந்த டம்ளர்களை நான்தான் பொறுக்கினேன். உலகநாதனுடையதில் மோர் அப்படியே இருந்தது. மேலே கறுப்பெண்ணெய் மிதந்தது.

வாயை மூடிக்கொண்டேன். கண்டதைச் சொல்லாமல் இருக்க அவனுக்கு மட்டுமா வரும்? எனக்கும் வரும்.

நிச்சயம் முறிந்த பெண்ணை யார் கட்டுவார்கள்? அத்தை மகன்தான். தை மாதம் உலகநாதன் தாலி கட்டினான். தேறாத காரையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டார் மாமனார்.

மறுநாள் காலை, ஓடும்போது மட்டும் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் பம்பில் ஒரு நட்டை இரண்டு திருகு திருகினான். தம்பதிகள் அந்தக் காரிலேயே ஆவடிக்குக் குடிபோனார்கள். வழியில் எங்கும் கொதிக்கவில்லையாம்.

புறப்படும்போது தாட்சாயிணி எனக்குக் கையாட்டினாள்.

கை நடுங்கவேயில்லை.